கருங்காலிப் பிடி போட்ட கத்தியை அவிக்கலாமா?

அப்போதிக்கரியாக, அதாவது அக்கால உதவி வைத்தியராக, இருந்த தமது பூட்டனாரின் மரப்பெட்டியில், கோடுகள் வெட்டிய கருங்காலிப் பிடியுடன் ஒரு சத்திரசிகிச்சைக் கத்தியும், முழுதும் உலோகத்தாலான ஒரு கத்தரிக்கோலும் இருப்பதாக ஆரையம்பதி வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவை எக்காலத்தவை, கொதிநீரில் அவித்துச் சுத்தம் செய்யலாமா என்பன அவருடைய கேள்விகள்.

கத்தியை அவிக்கவே வேண்டாம். இரத்தத்தில் நனைந்த கை வழுக்காதிருக்கவே அந்தக் குறுக்குக் கோடுகள் வெட்டப்பட்டன. ஆனால் அதே கோடுகளில் இரத்தமும் சீழும் உறைந்து நின்று அடுத்த நோயாளியின் காயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1867இல் பிரித்தானியச் சத்திரசிகிச்சை நிபுணர் யோசப் லிஸ்டர் காபோலிக் அமிலத்தால் புண் அழுகலைத் தடுக்கும் முறையை வெளியிட்ட பின்பும் மரப்பிடிகள் உடனே மறைந்துவிடவில்லை, ஏனெனில் கரைசலில் அமிழ்த்தி எடுப்பதை மரம் ஓரளவு தாங்கியது. அவற்றை ஒழித்தது வெப்பமே. 1880களிலும் 1890களிலும் கொதிநீரும் நீராவியும் கருவிகளைத் தொற்றுநீக்கப் பயன்பட்டபோது மரமும் தந்தமும் வெடித்தன. அதன் பின்னரே பிடியும் அலகும் ஒரே உலோகமாக, மழமழப்பாக, நிக்கல் முலாம் பூசி வரத் தொடங்கின. கழுவ முடியாத வெல்வெட் விரித்த பெட்டிகளும் அப்போதுதான் வழக்கொழிந்தன.

ஆகவே கத்தியின் வடிவம் பெரும்பாலும் 1890க்கு முற்பட்டது; கத்தரிக்கோல் பிற்பட்டது. அதன் இரு கைகளும் திருகாணியின்றிக் கழன்று வருமாயின், மூட்டுக்குள் தேங்கும் அழுக்கைத் துடைப்பதற்கென்றே அவ்வாறு செய்திருக்கிறார்கள். முலாம் உரிந்த இடத்தில் துரு தெரிந்தால் அது துருப்பிடிக்காத உருக்கு அன்று. அவ்வுருக்கை உலோகவியலாளர் ஹரி பிறியர்லி இங்கிலாந்தின் ஷெபீல்டில் உருவாக்கியதே 1913இல்தான்.

சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கத்தை இவற்றிடம் காட்டாதீர்கள். முலாமும், செய்தவரின் பெயர் முத்திரையும் அழிந்துவிடும், அந்த முத்திரையே காலத்தைச் சொல்லும் சிறந்த சான்று. கையுறை அணிந்து, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, உலோகத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை மிக மெல்லிதாகத் தடவுங்கள். ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமான ஆரையம்பதியின் உப்புக் காற்றில் வெல்வெட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆதலால் பெட்டியைப் பத்திரப்படுத்தி, கருவிகளை வேறாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வையுங்கள். அலகு கையைக் கீறிவிட்டால், காயம் சிறிதென்று விடாமல் சவர்க்காரமிட்டுக் கழுவி, ஏற்புத் (டெட்டனஸ்) தடுப்பூசி தேவையா என்று அன்றே ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.