எழுவாய் இல்லாத வாக்கியம் (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

எனக்கு வயது 36. விருதுநகர் பக்கம். தமிழ் இலக்கியம் படிக்கத்தான் ஆசை, அப்பா பிடிவாதமாக மெக்கானிக்கலில் சேர்த்துவிட்டார். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் எட்டு மாதம் இருந்தேன். சூழல் சரியாக அமையவில்லை. பதினோரு வருடமாக டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 எழுதுகிறேன், இரண்டு முறை மெயின்ஸ் வரை போனேன். கல்யாணமும் அமையவில்லை. அப்பா ஓய்வுபெற்ற அரசுப்பள்ளி ஆசிரியர், அவர் பென்ஷனில்தான் வீடு ஓடுகிறது. இன்னும் படிப்பதா, விட்டுவிடுவதா? நீங்கள் சொன்னால் அப்படியே செய்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்ல மாட்டேன். சொன்னால், ஐந்து வருடம் கழித்து நீங்கள் வேறு யாருக்கோ எழுதும் கடிதத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன்.

உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மே மாதம் குரூப் 2 முதல்நிலைத் தேர்வு. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரியில். முடிவு வந்தது 2024 ஜனவரியில். ஒரு முயற்சிக்கு இருபது மாதம். நடுவில் ஒருவன் வேலைக்குப் போவானா, காத்திருப்பானா?

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வில் பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயது வரை, ஒன்பது வாய்ப்பு. முடிந்ததும் அதுவே கதவைச் சாத்திவிடும். குரூப் 2-இல் பெரும்பாலான பதவிகளுக்கு பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. பிரிவினருக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. நல்ல விதிதான். தாமதமாகப் படிக்க வந்தவர்களுக்கு அது வேண்டும். ஆனால் கடைசி நாளை டி.என்.பி.எஸ்.சி. குறித்துத் தராது. நாம் குறிக்க வேண்டும்.

நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் பையைப் போட்டு இடம் பிடிப்பார்கள். எந்த கைடு நல்லது, போன தடவை கட்-ஆஃப் எவ்வளவு என்று புதிதாக வந்த பையன்கள் ஒருவரைச் சுற்றி நின்று கேட்பார்கள். பதினோரு வருடம் படித்தவன் அங்கே தோற்றவன் இல்லை, அண்ணன். அந்த நாற்காலியை விட்டு எழுந்து வருவது லேசில்லை.

உங்கள் கடிதத்தில் 'அமையவில்லை' இரண்டு முறை வருகிறது. நம் மொழியில் இது பெரிய வசதி. வேலை அமையும், வரன் அமையும், அமையாமலும் போகும். செய்தவன் யார் என்று யாரும் கேட்பதில்லை. பதினேழு வயதில் அப்பா சேர்த்துவிட்டார், சரி. இருபத்தைந்தில் கோவையை விட்டு வந்தது யார்? அந்த வாக்கியத்துக்கு எழுவாயே இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தமிழ் இருக்கிறது. இந்தப் பதினோரு வருடத்தில் அதில் சேர வேண்டாம் என்று அப்பாவா சொன்னார்?

பென்ஷன் பற்றி எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு, தொகை குறையும். மகனுக்கு அது 25 வயது வரைதான், மாற்றுத்திறனாளியாக இருந்தாலொழிய. உங்களைப் பெரியவன் என்று அரசு எழுதிக்கொண்டும் பதினோரு வருடமாகிறது.

ஏதோ யோக்கியன்போலப் பேசுகிறேன். அப்பா இறந்தபோது எனக்கு 33. பதினாறாம் நாள் கழிந்த வாரம் மின்கணக்கு எடுப்பவர் வந்தார். "அட்டை குடுங்க சார்" என்றார். "அம்மா, அட்டை எங்க?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. எல்லாம் அப்பாதான். வீட்டைப் புரட்டிப் போட்ட பிறகு காலண்டருக்குப் பின்னால் ஆணியில் கிடைத்தது. பழைய அட்டைகளையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு வரி, பக்கத்தில் பணம் கட்டிய தேதி பென்சிலில். நான் கல்லூரி சேர்ந்த மாதம், வேலையை விட்டு வந்து நின்ற மாதம், அவரோடு பேசாமல் இருந்த மாதங்கள், எல்லாவற்றுக்கும் எதிரே தேதி இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். வாசலில் இருந்து அவர், "சார், நேரமாவுது" என்றார்.