தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் பெண்

கேள்வி: மகள் சமூகவியல் படிக்க கம்பசுக்கு எடுபட்டிருக்கிறாள். எந்நேரமும் ஸ்டுவர்ட் ஹால் என்ற பேராசிரியரைப் பற்றியே பேச்சு. "டிவியும் பேப்பரும் பார்ப்பது ஒரு ஆராய்ச்சியா?" என்கிறார் அவளுடைய அப்பா. என்ன சொல்ல?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: சகோதரி, அவருக்கு ஒரு வழக்கைச் சொல்லுங்கள். 1972இல் பர்மிங்ஹாமின் ஹாண்ட்ஸ்வர்த் பகுதியில் மூன்று பையன்கள் ஒருவரை அடித்துக் கொள்ளையிட்டார்கள். கொடுமைதான். ஆனால் ஒருவனுக்கு 20 வருடம், மற்ற இருவருக்கும் 10 வருடம் என்று தீர்ப்பு வந்ததும், அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹால், ஏன் இவ்வளவு என்று கேட்டார். நான்கு சகாக்களோடு பேப்பர்களைத் தோண்டி 1978இல் புத்தகமாகப் போட்டார். வழிப்பறி இங்கிலாந்துக்குப் புதிதல்ல. அதற்கு அமெரிக்காவிலிருந்து 'மகிங்' என்று புதுப் பெயர் வந்தது, பெயரோடு ஒரு நிறமும் வந்தது, நீதிபதி சொன்னதைப் பேப்பர் எழுத, பேப்பர் எழுதியதை வைத்து நீதிபதி பேச, கடைசியில் கறுப்புப் பையன் என்றாலே கள்ளன் என்று ஆகிவிட்டது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற கொழும்புத் தமிழருக்கு இதை விளக்க வேண்டுமா?

ஹால் 1932இல் ஜமைக்காவில் பிறந்தவர். வீட்டில் அவர்தான் ஆகக் கறுப்பு. தொட்டிலை எட்டிப் பார்த்த அக்கா, இந்தக் கூலிப் பிள்ளையை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டாராம். அங்கே கூலி என்றால் ஏழை இந்தியர். அதை வீட்டார் பகிடியாகச் சொல்லிச் சொல்லியே அவர் வளர்ந்தார். 1951இல் ஒக்ஸ்போர்டுக்குப் போனார், கலாநிதிப் பட்டத்தை முடிக்கவில்லை. ஆனாலும் 1979 முதல் 1997 வரை இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர். 2014இல் காலமானார்.

கேள்வி: சரி, படத்தில் நம்மவர்களை அழகாகக் காட்டினால் போதும்தானே?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போதாது. அனுப்புகிறவர் வைத்த அர்த்தம் பார்க்கிறவரிடம் அப்படியே போய்ச் சேராது என்று ஹால் 1973இலேயே எழுதிவிட்டார். சிலர் அப்படியே ஏற்பார்கள், சிலர் பாதி ஏற்பார்கள், சிலர் எதிர்த்துப் படிப்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு தேயிலைப் பெட்டி இருக்கிறது, அதில் கொழுந்து பறிக்கும் பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். வெளிநாட்டு விருந்தாளி எவ்வளவு அழகு என்றார். நானும் அழகுதான் என்றேன், சம்பளப் போராட்டம் மனதில் ஓடினாலும். ஹட்டனில் பிறந்த தங்கச்சி ஒருத்தி எங்களோடு வேலை செய்கிறாள், அவள் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "தலையில கயிறு தொய்ஞ்சு கெடக்கு பாருங்க அண்ணே. கூடையில கொழுந்தே இல்ல."