ஷேக்ஸ்பியர் வரியில் பதினோராவது அசை எங்கிருந்து வந்தது?

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறேன். ஒரு வரிக்குப் பத்து அசை என்கிறார்கள். ஹாம்லெட்டின் ‘டு பீ, ஆர் நாட் டு பீ, தட் இஸ் த க்வெஸ்-சன்’ வரியில் 11 வருகிறதே?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: எண்ணியது சரிதான். ‘க்வெஸ்-சன்’ என்பதில் அழுத்தம் ‘க்வெஸ்’ஸில், பின்னால் தொங்கும் ‘சன்’ அழுத்தமில்லாத உபரி. இதற்கு அனுமதி உண்டு.

காகளி என்ற மலையாளப் பா வகைக்கு மாத்திரை எண்ணுகிற பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ஆங்கிலத்தில் குறில், நெடில் கணக்கில்லை. குரல் எங்கே ஊன்றுகிறது என்பதே கணக்கு. மெலிவு–அழுத்தம் சேர்ந்து ஒரு சீர். ஐந்து சீர், நம் நெடிலடி மாதிரி.

‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தின் முதல் வரியில் பழகுங்கள்: இஃப் ம்யூ-சிக் பீ த ஃபுட் ஆஃப் லவ், ப்ளே ஆன். ‘ம்யூ’, ‘பீ’, ‘ஃபுட்’, ‘லவ்’, ‘ஆன்’ என்ற இடங்களில் மட்டும் மேசையைத் தட்டுங்கள். ஐந்து தட்டு விழும். நம்மவர்கள் எல்லா அசையையும் ஒரே கனத்தில் சொல்லிவிடுவதால்தான் தாளம் காணாமல் போகிறது. தட்டிப் பழகியபின் கையை எடுத்துவிட்டுப் பொருளுக்கேற்பப் படியுங்கள். மேடையில் யாரும் தாளம் போட்டுப் பேசுவதில்லை!

ஹாம்லெட் வரியில் இன்னொன்று: ‘தட் இஸ்’ஸில் பலர் ‘தட்’டை ஊன்றுவார்கள். சீர் தலைகீழாகிவிடும். நடுவில் நிறுத்தம் வந்தபின் அப்படித் திரும்புவது வழக்கம்தான், பிழையல்ல.