மால் கட்டி சம்பாதிச்ச ஒருத்தர் கடைசியில ஏழைங்க வீட்டுக்காக உழைச்சாராமே, யாருங்க அது?

ஜேம்ஸ் ரௌஸ்ங்க, அமெரிக்காவுல மேரிலாண்ட்காரர், 1914ல பொறந்தவர். 16 வயசுல ஒரே வருஷத்துல அம்மா அப்பா ரெண்டு பேரும் இறந்துட்டாங்க, கடன்ல வீடும் போச்சு, அப்புறம் பால்டிமோர்ல கார் பார்க் பண்ற வேலை பாத்துக்கிட்டே நைட்ல சட்டம் படிச்சாரு. 1958ல ஹாரண்டேல் மால், 1967ல கொலம்பியான்னு ஒரு முழு ஊருன்னு மேரிலாண்ட்லயே கட்டினாரு, இதெல்லாம் தெரிஞ்ச கதைதான்.

எனக்கு புடிச்சது 1973ல நடந்தது. வாஷிங்டன்ல ஒரு சர்ச்சுல இருந்த பெண்கள் இவர்கிட்ட வந்து, ரிட்ஸ், மொசார்ட்னு ரெண்டு பாழடைஞ்ச அபார்ட்மெண்ட் இருக்கு (பேரு மட்டும்தான் ராயல்), வாங்கி ஏழைங்களுக்கு கொடுக்கணும்னு கேட்டாங்க. வேண்டாம்மான்னு சொல்லி அனுப்பிட்டாரு. அவங்களோ திரும்பி வராத அட்வான்ஸையே கட்டிட்டு வந்து நிக்கிறாங்க! வேற வழி, இவரே பணத்துக்கு ஏற்பாடு பண்ணாரு.

அந்த அனுபவம்தான் 1982ல மனைவி பேட்ரீஷியாவோட சேர்ந்து ஏழைங்க வீட்டுக்காக ஆரம்பிச்ச எண்டர்பிரைஸ் ஃபவுண்டேஷன் ஆச்சு. சும்மா செக் எழுதி கொடுக்கலைங்க, தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சு அதோட லாபம் ஃபவுண்டேஷனுக்கு போற மாதிரி பிளான் போட்டாரு, வியாபாரி மூளை எங்க போகும்! 1996ல இறந்துட்டாரு. நடிகர் எட்வர்ட் நார்ட்டன் இவரோட பேரன்தான்.