வாடகை பாக்கி: பெங்களூரு வீட்டுக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (அல்சூர்): மாத வாடகை 16,000 ரூபாய், அட்வான்ஸ் 1,00,000. நான்கு மாதமாக வாடகை வரவில்லை. அட்வான்ஸ் கையில் இருப்பதால் இன்னும் பொறுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம், அம்மா. இதுவரை 64,000 ரூபாய் கரைந்துவிட்டது. இன்னும் இரண்டு மாதம் போனால் மிஞ்சுவது 4,000 மட்டுமே, வெள்ளையடிக்கும் செலவும் கரண்டு பில் பாக்கியும் அதற்குள்தான் அடங்க வேண்டும். மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய பெங்களூரு வீடுகளுக்கு 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் பொருந்தாது என்பதால், உங்கள் விவகாரம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் கீழ் வரும். அக்ரிமென்ட்டில் வேறு நிபந்தனை இல்லையெனில், மாத வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்ல அதன் 106ஆவது பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். வக்கீல் மூலம் அதைத் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். கெடு முடிந்தபின் வரும் வாடகையைப் பேசாமல் வாங்கிக்கொண்டால், நீங்கள் நோட்டீசைக் கைவிட்டதாக எதிர்த்தரப்பு வாதிட அதே சட்டத்தின் 113ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆகவே "நோட்டீசுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்று ரசீதில் எழுதியே வாங்குங்கள்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): வாடகை தராதவருக்குத் தண்ணீரை நிறுத்தி, அவர் வெளியே போயிருக்கும்போது பூட்டுப் போட்டுவிட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருப்பார்கள். சட்டப்படியும் உங்களுக்கே நட்டம்: சட்ட வழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் (Specific Relief Act) வழிசெய்கிறது.

கேள்வி (லிங்கராஜபுரம்): பழைய பாக்கியை எத்தனை ஆண்டு வரை கேட்கலாம்?

பதில்: ஒவ்வொரு மாத வாடகைக்கும், அது தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும்.

கேள்வி (விவேக்நகர்): ஆறு ஆண்டாக ஒழுங்காகக் கொடுத்தவர், வேலை போய்விட்டது, அவகாசம் கேட்கிறார்.

பதில்: கொடுங்கள், ஐயா. இப்படிப்பட்டவரை இழந்துவிட்டுப் புதியவரைத் தேடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் வாய்ப்பேச்சோடு விடாமல், இன்றைய தேதி வரை பாக்கி இவ்வளவு, மாத வாடகையோடு சேர்த்து இன்ன தேதிக்குள் இவ்வளவு தருகிறேன் என்று அவர் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட தாள் ஒன்றை வாங்கி, அதன் நகலை அவரிடமும் கொடுத்துவிடுங்கள்.