ஆங்கிலத்தில் நடந்ததைச் சொல்லும்போது ‘ஓப்பன்ட்’ என்று எழுதுவதா, ‘ஓப்பனிங்’ என்று எழுதுவதா?

இந்த இரண்டு வாக்கியங்களுமே இலக்கணப்படி சரி:

“ஹி ஓப்பன்ட் த டோர் அண்ட் சா எ ஸ்னேக்.”
“ஓப்பனிங் த டோர், ஹி சா எ ஸ்னேக்.”

முதலாவதில் கதவைத் திறந்தது, பாம்பைப் பார்த்தது இரண்டுக்கும் சம எடை. இரண்டாவதில் பாம்புதான் செய்தி, கதவு பின்னால் போய்விடுகிறது. எந்த வினைக்கு முழு இறந்தகாலம் கொடுக்கிறோமோ அதில்தான் படிப்பவர் கவனம் நிற்கும். எது செய்தி என்று முதலில் முடிவு செய்யுங்கள்; சந்தேகமாக இருந்தால் இறந்தகாலத்திலேயே எழுதுங்கள்.

நமக்கு இதில் குழப்பம் வரக் காரணம் தமிழ் வினையெச்சம். “எழுந்து, குளித்து, சாப்பிட்டு, வேலைக்குப் போனான்” என்று எத்தனை எச்சம் அடுக்கினாலும் தமிழில் வரிசை கெடாது. அதையே “வேக்கிங் அப், டேக்கிங் எ பாத், ஈட்டிங் பிரேக்ஃபாஸ்ட், ஹி வென்ட் டு வொர்க்” என்று எழுதினால், குளித்துக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் வேலைக்குப் போனது போல் ஆகிவிடும். ‘இங்’ வடிவம் பெரும்பாலும் ஒரே நேரத்தில் நடப்பதையோ அடுத்த கணமே நடப்பதையோதான் காட்டும். எனவே “ஹி வோக் அப், ஹேட் எ பாத், ஏட் பிரேக்ஃபாஸ்ட் அண்ட் வென்ட் டு வொர்க்”. ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று அழுத்திச் சொல்ல “ஹேவிங் ஈட்டன், ஹி லெஃப்ட்” இருக்கிறது. கொஞ்சம் விறைப்பான நடை, அளவோடு போதும்.

அப்புறம் எழுவாய். “மழை பெய்து குளம் நிறைந்தது” நல்ல தமிழ். பெய்தது மழை, நிறைந்தது குளம், யாருக்கும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் ‘இங்’ தொடருக்கும் முதன்மை வினைக்கும் ஒரே எழுவாய் இருக்க வேண்டும். “வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் ஸ்டார்ட்டட்” என்றால் மழையே ஸ்டேஷனுக்கு நடந்து போனதாகப் பொருள் வரும். இந்தப் பிழைக்கு ‘டாங்ளிங் பார்ட்டிசிபிள்’ என்று பெயர். “ஆஸ் ஐ வாக்ட் டு த ஸ்டேஷன், இட் ஸ்டார்ட்டட் டு ரெயின்” என்று எழுதினால் சரி.

‘இங்’ தொடர் அழகாகப் பொருந்தும் இடம், காரணம் சொல்லும் இடம். “நோயிங் ஷி வாஸ் அஸ்லீப், ஹி க்ளோஸ்ட் த டோர் சாஃப்ட்லி.” ‘ஐ ஆம் நோயிங்’ தவறு என்று படித்ததால் பலர் இங்கேயும் ‘நோயிங்’ எழுதப் பயப்படுகிறார்கள். பயமே வேண்டாம், இது வேறு அமைப்பு.

வாக்கியக் கடைசியில் வந்தால் விளைவையும் சொல்லும்: “எ பஸ் ஹிட் எ ட்ரீ, கில்லிங் த்ரீ பீப்பிள்.” ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி வரும் அமைப்பு, பிழையும் இல்லை. ஆனாலும் மூன்று பேர் இறந்ததை வால் போல் கடைசியில் ஒட்டிவிட எனக்கு மனம் வராது. “த்ரீ பீப்பிள் டைட் வென் எ பஸ் ஹிட் எ ட்ரீ” என்றுதான் எழுதுவேன்.