பங்குச் சந்தைக்கு முன்னால் வட்டிக் கணக்கு

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் 1 மாணவர்களுக்கு வணிகவியல் கற்பிக்கிறேன். பணத்தைக் கையாளும் முறைகளை வாரம் ஒரு மணி நேரம் சொல்லித்தர விரும்புகிறேன். மாணவர்களோ பங்குச் சந்தையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதிலிருந்தே தொடங்கலாமா?
– ஆசிரியை ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அவர்களுடைய ஆர்வம் நல்லது, ஆயினும் முதல் பாடம் வட்டியாக இருக்கட்டும். உங்கள் மாணவர்களில் பலர் பங்கு வாங்குவதற்கு முன்பே, பெரும்பாலும் ஓர் இருசக்கர வாகனத்துக்காக, கடன் வாங்கிவிடுவார்கள்.

ஊரில் அவர்கள் கேட்டுப் பழகிய 'மூன்று வட்டி' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம் என்பதை அவர்களே பெருக்கிக் கண்டுபிடிக்கட்டும். அடுத்து, 1 லட்சம் ரூபாய் கடனை 12 சதவீத 'ஃபிளாட்' வட்டியில் 3 ஆண்டுகளுக்குக் கணக்கிடச் சொல்லுங்கள். வட்டி 36,000 ரூபாய். மாதத் தவணை சுமார் 3,778 ரூபாய். தவணை கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் போடப்படுவதால், குறையும் அசலின் மீது கணக்கிட்டால் இதே கடனின் வட்டி ஆண்டுக்கு 21 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இதைக் கேட்டறியாமல் கையொப்பமிடும் பெரியவர்களே ஏராளம் என்பதால், இந்த ஒரு கணக்குக்கு இரண்டு வகுப்புகள் செலவிட்டாலும் தகும்.

சேமிப்பைச் செய்தே பழகலாம். 10 வயது நிரம்பியவர்கள் அஞ்சலகத்தில் தம் பெயரிலேயே 500 ரூபாயில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். படிவத்தை மாணவரே நிரப்பட்டும்.

பங்குச் சந்தைக்கு வரும்போது, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வை முதலில் காட்டுங்கள்: முந்தைய மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பிற்கால விலையை ஒட்டிப் போடும் ஒப்பந்தங்கள்) வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தனர். ஒரு மாத மாதிரி வர்த்தகப் போட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவ்வளவு குறுகிய காலத்தில் வெல்பவர் அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நம்பிவிடுவார். அதற்குப் பதிலாக, மாணவர்கள் அன்றாடம் வாங்கும் பொருளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, விற்பனை, கடன், லாபம் ஆகிய மூன்றையும் ஐந்து ஆண்டுகளுக்கு ஒப்பிடச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகத் தவிர்த்துவிடுங்கள். தம் வீட்டுக் கடனை எந்த மாணவரும் வகுப்பில் சொல்லும்படி ஆகக் கூடாது; பயிற்சிக்கான கடன் விவரங்களை நீங்களே கற்பனையாகத் தயாரித்துக் கொடுங்கள்.